பாதிக்குப் பாதி

நாலாயிரத்து இருநூறு டாலருக்கு வாங்கினோம்.
இந்தியானாவில், பன்றிப் பண்ணை ஒன்றின் பின்கொட்டகையில்
மூன்று சக்கரத்தில் நின்றது
எழுபதாம் வருடத்து பாண்டியாக் ஜிடிஓ.
நாலாவது சக்கரத்தின் இடத்தில் ஒரு பால் கிரேட்.
வெர்லின் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
நான் எங்கள் வண்டியில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்,
மனத்துக்குள் அப்போதே ஒரு புது ஏட்டைத் திறந்து.

வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான்.
டோலிடோவில் பல பேருக்கு
அவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்று
சொல்வதே நான்தான்.

எஞ்சின் பிரித்துக் கோர்த்தது ஒன்பதாயிரத்து எண்ணூறு.
துரு தின்ற தகடுகள் மாற்ற, லான்சிங் பட்டறைக்குப் பதினாலாயிரம்.
பின் பம்பருக்குக் குரோம்.
முன் பம்பர் ரப்பர், குரோம் வேண்டாம் என்றார்கள்,
சந்தோஷப்பட்டேன்.
அதற்குத் தனிப் பெயிண்டாம், தனி விலையாம்.
கடிகாரம் ஓட முந்நூற்றுப் பத்து.
ஓடியது, எட்டு நிமிடம் பிந்தி.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
எங்கள் சுமைகூலி கடன் அட்டையில் ஏறி
இருபத்திரண்டு சதவீத வட்டியோடு இறங்கியது.

ஏழு வருடம்.
எண்பத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது.
அவன் முழங்கால்களை நான் எழுதவில்லை.
என் ஞாயிற்றுக்கிழமைகளையும்.

கோடையில் அதை வாகனத் திடலில் நிறுத்தி
பானட்டைத் திறந்து வைத்து,
மடக்கு நாற்காலியில் சாய்ந்து சொல்வான்:
"ஒருத்தன் தொண்ணூறு தருகிறேன் என்றான். கொடுக்கவில்லை."
யார் அந்த ஒருத்தன் என்று நான் கேட்டதில்லை.
வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வேன்:
"முப்பதுக்குக்கூடப் போகாது."

போன மார்ச்சில் வக்கீல் அறை.
வீடு ஆயிற்று, ஓய்வூதியம் ஆயிற்று, நாய் ஆயிற்று.
"காரின் மதிப்பு?" என்றார் வக்கீல்.
"முப்பது" என்றான் வெர்லின்.
"தொண்ணூறு" என்றேன் நான்.
ஏழு வருடம் இழுத்த கயிறு,
முனைகளை மட்டும் மாற்றிக்கொண்டோம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால்
அந்த அறைக்கே வந்திருக்க மாட்டோமோ என்னவோ.

மதிப்பீட்டாளர் ப்ரான்ஸ்டெட்டர் செவ்வாயன்று கராஜுக்கு வந்தார்.
என் ஏட்டை மரியாதையாகப் புரட்டிவிட்டு மூடினார்.
"இது காருக்குள் போனது, அம்மா.
நான் பார்க்க வந்தது
காரிலிருந்து என்ன வெளியே வரும் என்பதை."
டார்ச் அடித்து எஞ்சின் எண்ணைப் படித்தார்.
"பொருந்துகிறது. பிறந்தபோது இருந்த அதே எஞ்சின்."
வெர்லின் முகம் மலர்ந்தது.
மலர்ந்த பிறகுதான்
அது குறைந்த விலைக்குப் போகவேண்டும் என்பது
அவனுக்கு நினைவு வந்தது.

பிறகு, துணி சுற்றிய ஒரு காந்தம்.
கதவில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
வலப்பக்கம், பின் சக்கரத்தைத் தாண்டியதும்
ஒட்டாமல் சிமெண்ட் தரையில் விழுந்தது.

"அங்கே புதுத் தகடு! நானே நின்று பார்த்தேன்!"
"உள்ளே புட்டி, ஐயா. ஒரு விரல் கனம்."
லான்சிங் பட்டறைக்காரன் பரம்பரையையே திட்டினான் வெர்லின்.
நாளைக்கே வழக்கு என்றான்.
ப்ரான்ஸ்டெட்டர் நாற்பத்தொன்றரையை அடித்து
முப்பத்தெட்டு என்று எழுதினார்.

மூன்றரை ஆயிரம். என் பாதி
ஆயிரத்து எழுநூற்று ஐம்பது.

இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில்
அவன் மான் வேட்டைக்குப் போன வாரம்,
நான் ஒரே ஒரு தரம் அதை ஓட்டினேன்,
ஆற்றோரச் சாலையில், எண்பது மைலில், கண்ணாடியை இறக்கிவிட்டு.
திரும்பி வந்து பின்னால் எடுக்கும்போது கராஜ் கம்பம்.
லைல் ப்ரூயிட் இரண்டே நாளில் முடித்தான், ரொக்கம்.
ஏட்டில் அறுநூற்று நாற்பதுக்கு நேரே
"மளிகை" என்று இருக்கும்.
என் கையெழுத்தில் உள்ள ஒரே பொய்.

குனிந்து காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன்.
கம்பத்தில், இடுப்பு உயரத்தில்,
இன்னும் இருக்கிறது அந்த ஆரஞ்சு நிறக் கீறல்.
முன்னால் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.
வெர்லின் வக்கீலுக்குப் போன் போட்டுக்கொண்டு
மெல்ல நடந்து
அவற்றின் மேல்தான் போய்ச் சாய்ந்துகொள்கிறான்.